நானூற்றுப் பன்னிரண்டாம் ஆள்

நான் துடைத்துப் பெருக்கும் கடைவீட்டில் கீழே கடை, மேலே வாடகை அறைகள். தண்ணீர்க் குழாய் கீழே பின்பக்கம் இருக்கிறது. மாடிக்கு இருபத்திரண்டு படி. மேலே மூன்று அறையும் ஒரு நடையும் துடைக்க இரண்டு வாளித் தண்ணீர் வேண்டும். முதல் வாரம் நான்தான் தூக்கிக்கொண்டு ஏறினேன். இரண்டாம் வாரத்திலிருந்து, காலையில் நான் போகும்போதே மேல்படி ஓரத்தில் இரண்டு வாளியும் நிறைந்து நிற்கும். கட்டடத்துக்காரர் யாரையோ ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல மனுஷன், அவர் குடும்பத்துக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று சிராங்கூன் ரோட்டுக் காளியம்மனிடம் அவருக்காக வேண்டிக்கொண்டும் வந்தேன்.

இரண்டு மாதம் கழித்துத்தான் முன்னறை ஃபர்சானா சொன்னாள். வீட்டு வேலைக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சி வைத்திருப்பவள். வாய் சும்மா இருக்காது.

“கட்டடத்துக்காரராவது தண்ணி தூக்குறதாவது! கோடி ரூம் யதீசன்தான்கா தினம் தூக்கி வைக்கிறாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாரு. நான் சொல்லிட்டேன், விடுங்க.”

போய்க் கேட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எக்ஸர்சைஸ் அக்கா. நாள் முழுக்க நாற்காலியிலதானே இருக்கிறன்” என்றார்.

யதீசனுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. காத்தோங்கில் பிறந்து வளர்ந்தவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தாவும் அப்பாவும் அரசாங்க ஆபீஸில் கிளார்க். மகனும் ஏதாவது ஒரு ஆபீஸில் உட்காருவான் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். இவருக்குப் படம் போடுவதில் ஆசை. மனிதர் படமோ சாமி படமோ இல்லை. கட்டடம். அதிலும் இன்னும் கட்டாத கட்டடம்.

புது வீடு விற்கிறவர்கள், மண் தோண்டும் முன்னமே வீடு எப்படி இருக்கும் என்று படம் காட்டுவார்கள் இல்லையா? நாமே கதவைத் திறந்து உள்ளே நடந்து போவது மாதிரி இருக்கும். சோபா இருக்கும், ஜன்னலில் திரை ஆடும். அதையெல்லாம் இவரைப் போன்றவர்கள் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். பதினான்கு வருஷம் ஒரு கம்பெனியில் அந்த வேலை பார்த்தார். கோவிட் வந்த முதல் வருஷத்திலேயே அதை மூடிவிட்டார்கள். அப்புறம்தான் எங்கள் மாடியில் கோடி அறையை வாடகைக்கு எடுத்து, கதவில் தன் பெயரை ஒட்டி, தனியாக உட்கார்ந்தார்.

அவர் மனைவி வினுஷா பாலர் பள்ளி டீச்சர். ஏழு வயதில் ஒரு மகள். வினுஷாவின் அண்ணன் பெர்த்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். வாரம் தவறாமல் போன் போட்டு, “இங்க வா மச்சான், கடையைப் பார், அங்க இருந்து என்ன செய்யப் போறாய்?” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். புருஷனும் பெண்சாதியும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அந்த வருஷக் கடைசிக்குள் நிலையாக ஒரு வேலை அமைந்தால் இந்த அறை, இந்தத் தொழில். அமையாவிட்டால் ஜனவரியில் பெர்த். மளிகைக் கடையில் நிற்பது கேவலம் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. “எனக்கு ஒரு வீட்டைக் கட்டிக் காட்டத் தெரியும் அக்கா, அரிசி நிறுக்கத் தெரியாது” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

ஜூலையில் அவருடைய கம்ப்யூட்டரில் இருந்த கிராஃபிக்ஸ் கார்டு கெட்டுப்போயிற்று. கார்டு என்றதும் பஸ்ஸில் தட்டுகிற கார்டு மாதிரி மெல்லிசாக இருக்கும் என்று நினைத்தேன். எடுத்துக் காட்டினார். செங்கல் கனம், மேலே இரண்டு காற்றாடி! படத்தில் வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே விழும் என்று கணக்குப் போடுவது அதுதானாம்.

அந்த வருஷம் உலகம் முழுக்க அதற்குப் பஞ்சம். பெரிய கார்டு எந்தக் கடையிலும் இல்லை. கார்டு செய்கிற கம்பெனி ஒன்று அப்கிரேட் திட்டம் வைத்திருந்தது. இப்போது கிடைக்கிற சின்னக் கார்டை வாங்கிக்கொள்ள வேண்டும். தொண்ணூறு நாளுக்குள் பெரிய கார்டுக்குப் பெயர் பதிய வேண்டும். வரிசை நகர்ந்து நம் முறை வந்ததும் ஈமெயில் வரும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் மிச்சப் பணத்தைக் கட்டி, சின்னக் கார்டை வாங்கினபடியே டப்பா, பையோடு திருப்பிக் கொடுத்தால் பெரியது கைக்கு வரும். யதீசன் வாங்கிய அன்றே பதிந்துவிட்டார்.

ஆகஸ்டில் ஸைஃப் என்று ஒருவர் வந்தார். பொங்கோலில் கட்டப் போகிற ஒரு கொண்டோ அடுக்குமாடியை விற்கும் கம்பெனி ஆள். கூட்டம் கூடக்கூடாது என்று மாதிரி வீடு திறக்க முடியாத நேரம். அதனால் வீடு முழுக்க நடந்து பார்க்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றார். மூன்று பேரிடம் கேட்டிருக்கிறார்கள், நவம்பர் முப்பதுக்குள் தர வேண்டும், யார் படம் பிடிக்கிறதோ அவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு அந்தக் கம்பெனி வேலை எல்லாம். ஸைஃப் போனதும் யதீசன் நடையில் நின்று இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டார். “இது போதும் அக்கா. இது கிடைச்சா நாங்க எங்கயும் போகத் தேவையில்லை.”

செப்டம்பர் முதல் வாரத்திலேயே வீட்டைக் கம்ப்யூட்டரில் கட்டி முடித்துவிட்டார். சுவர், கதவு, அலமாரி எல்லாம் தயார். வெளிச்சம் போடுவதுதான் பாக்கி. அங்கேதான் சிக்கல். வீடு முழுசும் சின்னக் கார்டில் அடங்கவில்லை. பாதியில் திரை அப்படியே நின்றுவிடும். பெரிய கார்டு வந்தால் பத்து நாளில் முடித்துவிடலாம், அது வரட்டும் என்று உட்கார்ந்தார்.

உட்கார்ந்தார் என்று சொல்வதும் தப்பு. அந்த மனிதர் உட்காரவே இல்லை. பழைய மரத்தரை, மேலே அவர் நடப்பது கீழே படி துடைக்கும் எனக்குக் கேட்கும். ஜன்னல் வரைக்கும் பதினோரு அடி, திரும்பி வந்து மேசை. கார்டுக் கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்து வரிசை எண்ணைப் பார்ப்பார். மறுபடி ஜன்னல். அதுவும் போதாமல் வெளியே இறங்கி ஃபேரர் பார்க் திடல் வரை போய் வருவார். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் முன்பே போனில் எண்ணைப் பார்ப்பார்.

முதலில் அவர் எண் நானூற்றுப் பன்னிரண்டு. நான் அதைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். கோவிலில் அம்மனிடம் சொல்ல வேண்டுமே. சும்மா ‘அந்தக் கார்டு’ என்றால் அம்மனுக்கு எந்தக் கார்டு என்று தெரிய வேண்டாமா? அதை ஃபர்சானா பார்த்துவிட்டாள்.

“என்னக்கா கையில நானூத்திப் பன்னெண்டு? முன்னால ஒரு நம்பர் சேத்து 4டி லாட்டரி எடுக்கப் போறீங்களா?”

“சீ, நம்ம யதீசன் தம்பியோட வரிசை நம்பர்லா.”

“அப்ப கட்டாயம் எடுங்க. எனக்கு ஹராம். நீங்க எடுத்தீங்கன்னா சொல்லுங்க, கூட நின்னு சிரிக்கிறேன்.”

யதீசனையும் அவள் விடவில்லை. “அண்ணே, இன்டர்நெட்டுல இந்தக் கம்ப்யூட்டர் எல்லாம் வாடகைக்குக் குடுக்குறாங்களாமே? அதுல செஞ்சு குடுத்துட்டு வாங்களேன். உங்க நடையில எங்க ரூம் சுவத்துக் காலண்டர் ஆடுது.”

“வீட்டு பிளானை வெளியில எங்கயும் ஏத்தக்கூடாது எண்டு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கிறன். இந்த அறைக்குள்ளதான் செய்யவேணும்.”

“அப்ப நடங்க.”

“நடக்கிறன், நீங்க போய் வேலையைப் பாருங்கோ.”

“பாருங்கக்கா, கோபத்துலகூட வாங்கோ போங்கோன்னு இவருக்கு மரியாதை குறையலை!”

நானூற்றுப் பன்னிரண்டு முந்நூற்றுத் தொண்ணூறு ஆனது. முந்நூற்று எழுபத்தொன்று ஆனது. செப்டம்பர் முழுக்க அந்த எழுபத்தொன்றை விட்டு அசையவே இல்லை. அவர் கன்னம் ஒட்டிப் போயிற்று. வினுஷா ஒரு நாள் சாப்பாடு கொண்டு வந்தபோது படியில் என்னோடு நின்று, “வீட்டில ஆள் இருந்தும் இல்லை அக்கா. பிள்ளை கணக்குக் கேட்டா போனைப் பார்த்துக்கொண்டு ‘முந்நூற்று எழுபத்தொண்டு’ எண்டுறார்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் கண் சிரிக்கவில்லை.

புரட்டாசிக் கடைசியில் ஆயுத பூஜை வந்தது. அதற்குள் எண் இருநூறுக்குக் கீழே இறங்கியிருந்தது. பூஜைக்கு முந்தின நாள் அவர் கம்ப்யூட்டரைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தார். கார்டைக் கழற்றித் துணியில் வைத்திருந்தார். அலமாரி மேலிருந்து டப்பாவையும் இறக்கியிருந்தார்.

“தம்பி, எல்லாத்தையும் அப்படியே வெளிய வச்சிட்டுப் போங்க. காலையில பொட்டு வச்சிடுறேன்” என்றேன்.

“வையுங்கோ அக்கா. திரையில மட்டும் வேண்டாம்.”

மறுநாள் விடிந்ததும் குளித்து, சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு போனேன். என் துடைப்பக் கட்டைக்கு வைத்தேன். வாளிக்கு வைத்தேன். ஃபர்சானா கதவருகே வந்து, “எங்க கதவுல வேணாம்கா, சுண்டலை மட்டும் எங்க பங்குக்கு அனுப்பிடுங்க” என்றாள். யதீசன் அறையில் நாற்காலி, மேசை, எலிக்குட்டி மாதிரி அந்த மௌஸ், எல்லாவற்றுக்கும் வைத்தேன். கார்டும் டப்பாவும் முழுக்கக் கறுப்பு. கறுப்பில் சந்தனம் வைத்தால் எடுபடும், ஆனால் இரண்டிலும் வெள்ளையாக ஒரு சின்ன லேபிள் ஒட்டியிருந்தது. நெற்றி மாதிரி இருந்தது. அதன் நடுவில் சந்தனம் அப்பி, குங்குமம் தொட்டு வைத்தேன். அவர் வந்தார், பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பினார். பொட்டோடேயே கார்டை எடுத்து உள்ளே மாட்டினார். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

தீபாவளி கழிந்து ஒரு திங்கட்கிழமை. நான் படி துடைத்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து, “அக்கா! வந்திட்டுது!” என்று ஒரு சத்தம். வெறுங்காலோடு ஓடி வருகிறார்.

“ஈரம் தம்பி! நில்லுங்க, விழுந்துடுவீங்க!”

நின்றார். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பதுகூட அவருக்கு மறந்து போயிற்று. புதன்கிழமை காலைக்குள் எல்லாம் முடிய வேண்டும். கார்டிலும் டப்பாவிலும் லேபிளில் அச்சடித்திருக்கும் எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி படம் பிடித்து அனுப்ப வேண்டும். கார்டு வந்த வெள்ளி நிறப் பையும் கூடவே வேண்டும். பை காத்தோங் வீட்டில் இருந்தது. மகள் அதில் கலர் பென்சில் போட்டு வைத்திருந்தாளாம்.

கார்டைக் கழற்றி டப்பா பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டையும் பார்த்துச் சிரித்தார். “பொட்டு வடிவாத்தான் இருக்கு. நம்பர்தான் தெரியேல்லை. நம்பர் தெரியாட்டி எடுக்க மாட்டாங்கள். இருக்கட்டும், பையை எடுத்துக்கொண்டு வந்து மெல்லத் துடைக்கிறன்.” சொல்லிவிட்டு டாக்ஸி பிடித்துப் போனார்.

எனக்குக் கை நிற்கவில்லை. நான் வைத்த பொட்டு. அவர் வருவதற்குள் சரியாக்கிவிட்டால் அவருக்கு ஒரு வேலை மிச்சமாகும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. தண்ணீர் தொட்டால் குங்குமம் இன்னும் பரவும். அது எனக்குத் தெரியும். நெற்றியில் பழைய குங்குமம் பிடித்துக்கொண்டால் என்ன செய்வோம்? தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்போம். துடைக்கிற மருந்தில் கை வெடிப்பதால் பையில் எப்போதும் சின்னக் குப்பியில் எண்ணெய் வைத்திருப்பேன். பஞ்சில் தொட்டு, டப்பா லேபிளை மெதுவாகத் துடைத்தேன். சிவப்பு அழகாக வந்துவிட்டது. எண் பளிச்சென்று தெரிந்தது. அந்தத் தைரியத்தில் கார்டு லேபிளையும் துடைத்தேன். முடித்துவிட்டு டப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். எழுத்து சாம்பல் நிறமாகியிருந்தது. கடை ரசீதை மாசக்கணக்கில் வைத்திருந்தால் வெளுத்துப் போகுமே, அது என் கண் முன்னால் ஒரு நிமிஷத்தில் நடந்தது. பின்னாலேயே கார்டிலும் நடந்தது. இரண்டும் வெறும் வெள்ளைத் தாள்!

நான் போட்ட சத்தத்தில் ஃபர்சானா ஓடி வந்தாள். “யா அல்லாஹ்! அது ரசீது பேப்பர் மாதிரிதான்கா. எண்ணெய் பட்டா மை போயிடும். ஏன்கா, ஏன் என்னைக் கூப்பிடலை?”

அவர் வரும் வரைக்கும் கீழ்ப்படியிலேயே நின்றேன். வந்ததும், அவர் படி ஏறும் முன்பே சொல்லிவிட்டேன். மேலே போய்ப் பார்த்தார். லேபிளை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்த்தார். “பரவாயில்லை அக்கா” என்றார்.

“கோபமா தம்பி?”

“கோபமில்லை அக்கா. என்ன செய்யலாம் எண்டு பார்ப்பம்.”

ஃபர்சானா இங்கிலீஷில் ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். மறுநாள் காக்கி புக்கிட்டில் இருக்கும் கார்டுக் கம்பெனியின் சர்வீஸ் கவுன்டருக்குப் போனார். நானும் வருவேன் என்று பிடிவாதமாகக் கூடப் போனேன். கவுன்டரில் முக்காடு போட்ட மலாய்ப் பெண். டப்பாவை வாங்கினாள். முகமூடியைக் கொஞ்சம் இறக்கி முகர்ந்தாள். “கோகனட் ஆயில்?” என்று கேட்டுச் சிரித்துவிட்டாள். உடனே சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டாள்.

எனக்கு இங்கிலீஷ் வராவிட்டாலும் மலாய் வரும். “சாயா பூஞா சாலா, டிக்” என்றேன். என் தப்புதான் தங்கச்சி, இவர் ஒன்றும் செய்யவில்லை. பூஜைப் பொட்டு, எண்ணெய், எல்லாக் கதையையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கார்டு வாங்கிய அன்று அவர் பதிந்திருந்த லேபிள் எண்ணைக்கூடத் திரையில் தேடி எடுத்தாள். மக்சிக் என்று அத்தை முறை சொல்லிக் கூப்பிட்டு, நான் நம்புகிறேன், ஆனால் படம் பார்த்து முடிவு செய்வது வெளிநாட்டில் இருக்கும் தலைமை ஆபீஸ், என் கையில் இல்லை என்றாள்.

புதன்கிழமை காலையில் பதில் வந்தது. எண் படிக்க முடியவில்லை. இந்த முறை தவறிப் போயிற்று. விசாரித்துச் சரியாக இருந்தால் மறுபடி வரிசையில் இருக்கலாம். புது எண் ஐந்நூற்று அறுபத்துமூன்று.

யதீசன் அதைப் படித்தார். கம்ப்யூட்டரை அணைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிப் போனார். என்னைக் கடந்து போகும்போது, “கோபமில்லை அக்கா” என்றார். நான் கேட்கவே இல்லை.

வியாழன் அவர் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. ஃபர்சானா போன் அடித்தால் எடுக்கவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் நடையைத் துடைக்கும்போது என் கைதான் அசைந்தது, மனது அங்கே இல்லை. ஒரு மனிதருடைய பிழைப்பை எண்ணெய் தொட்டு அழித்துவிட்டேனே, பெர்த்துக்கு அனுப்பி வைத்துவிட்டேனே என்று கோவிலில் அழுதேன். எந்த எண்ணும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் படி ஏறினால், கோடி அறைக் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே காற்றாடி சத்தம்.

“அக்கா, இங்க வாங்கோ. உங்கட வீடு பொங்கோல்தானே? சமையலறை எந்தப் பக்கம் பார்த்தது?”

வாசலிலேயே நின்றேன். “கிழக்கு.”

“காலமை ஏழரைக்கு வெயில் முதல்ல எங்க விழும்?”

“எங்க விழும்... பாத்திரம் வடிய வைக்கிற தட்டுல. அப்புறம் தரைக்கு இறங்கும். எட்டரைக்கு வாஷிங் மெஷின் கதவுல பட்டுக் கண்ணைக் குத்தும்.”

“தரை ஈரமா இருந்தா?”

“எங்க வீட்டுத் தரை எப்ப தம்பி காய்ஞ்சிருக்கு?”

தலையை ஆட்டிக்கொண்டு திரும்பித் தட்ட ஆரம்பித்தார். கேட்கப் பயமாக இருந்தாலும் கேட்டேன். “அந்த வரிசை?”

“பேரை எடுத்திட்டன். பத்து நாள்தான் இருக்கு. வீடு முழுக்க அடங்காட்டி ஒரு அறையா செய்யிறன். சமையலறை சின்னது, அதில தொடங்கிறன்.”

ஒரு நொடிப் படத்துக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. திரையில் சின்னச் சின்னக் கட்டமாக வந்து படம் நிரம்பும். அறைக்குள் அடுப்படி மாதிரி சூடு. நான் என் வீட்டிலிருந்து மேசை ஃபேனைக் கொண்டு போய் வைத்தேன். அவர் காட்டுவார், நான் பார்த்துச் சொல்லுவேன். முதல் படத்தில் சிங்க் துளி ஈரமில்லாமல் பளபளத்தது. “இந்த வீட்டுல யாரும் சமைக்கிறதில்லை போல” என்றேன். நாலு துளித் தண்ணீர் வைத்தார். தட்டில் ஒரு சட்டியைக் கவிழ்த்தார். தரைக்குத் துடைத்த ஈரம் கொடுத்தார். வெயில் அதில் வந்து விழுந்தபோது எனக்குக் கால் குளிர்ந்த மாதிரி இருந்தது. அந்தப் பத்து நாளும் அவர் நடக்கவில்லை. ஃபேரர் பார்க் பக்கம் போகவில்லை. வினுஷா சாப்பாட்டுக் கேரியரோடு வந்து, “இப்ப ஆளே வீட்டுக்கு வரேல்லை அக்கா. ஆனா போன் எடுத்தா கதைக்கிறார்” என்றாள்.

முப்பதாம் தேதி அனுப்பும்போது சமையலறை, ஹால், ஒரு படுக்கையறை, அவ்வளவுதான் முடிந்திருந்தது. இன்னும் இரண்டு அறை மிச்சம்.

மூன்று நாள் கழித்து ஸைஃப் நேரிலேயே வந்தார். போனில் சொல்ல மனமில்லாமல் வந்தார் என்று முகத்திலேயே தெரிந்தது. நான் நடையில் இருந்தேன், கதவு திறந்திருந்தது.

“ஹால் ஓகே லா, பெட்ரூம் ஓகே. ஆனா அந்தக் கிச்சன்! எங்க பாஸ் மூணு தடவை போட்டுப் பாத்தாரு. என் வொய்ஃப் பாத்துட்டு ‘நாமளே வாங்குவோம்’னா. ஆனா முழு வீடு இல்லையே பிரதர். இன்னொரு கம்பெனி எல்லா ரூமும் குடுத்துட்டாங்க. வேலை அவங்களுக்குத்தான்.”

யதீசன் “ம்” என்றார்.

“எங்க பாஸ் அவங்ககிட்ட உங்க கிச்சனைக் காட்டிட்டாரு. அவங்க உங்களைக் கேக்குறாங்க. போய்ச் சேந்துடுங்க. நிலையான வேலை. கிச்சன் எல்லாம் நீங்களே பாத்துக்கலாம்.”

“என்ட பேர் வருமோ?”

“அவங்க பேர்தான் பிரதர் வரும்.”

அவர் போனதும் யதீசன் மறுபடி நடக்க ஆரம்பித்தார். நாலு நாள் நடந்தார். ஜன்னல், மேசை, ஜன்னல். ஃபேரர் பார்க். ஐந்தாம் நாள் சரி என்று சொல்லிவிட்டார். பெர்த் மச்சானுக்கு வினுஷாவே போன் பண்ணி வரவில்லை என்று சொன்னாளாம். தொழில் அவர் கையை விட்டுப் போகவில்லை, ஊரும் விடவில்லை. அறை மட்டும் போயிற்று, கதவில் இருந்த பெயரும். ஸ்டிக்கரை அவரே நகத்தால் உரித்தார். ஓரத்தில் கொஞ்சம் பசை நின்றது. நான் துடைக்கப் போனேன், “விடுங்கோ, நான் எடுக்கிறன்” என்று அவரே எடுத்தார்.

டிசம்பர் முப்பதாம் தேதி காலி செய்தார். மேசையையும் நாற்காலியையும் காலையிலேயே லாரியில் ஏற்றிவிட்டார்கள். கம்ப்யூட்டரை மட்டும் யாரிடமும் கொடுக்காமல், இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். ஃபர்சானா மேலேயிருந்து, “அங்கயாவது உக்காந்து வேலை பாருங்கண்ணே!” என்று சத்தம் போட்டாள். கீழே டாக்ஸி நின்றது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஆறு வாரத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பேனோ, கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் கோபமில்லை அக்கா என்ற ஒரே பதில்தான். அன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

“தம்பி, போகும்போது கேக்குறேன். நிஜத்தைச் சொல்லுங்க. என் மேல கோபம் இல்லையே?”

கம்ப்யூட்டரைப் பின் சீட்டில் வைத்து, பெல்ட்டை இழுத்து அதற்குப் போட்டுவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இருந்தது அக்கா. ரெண்டு நாள் நல்லாவே இருந்தது. பிறகு நேரமில்லாமப் போச்சு.”